வலது இடுப்பில் இருக்கிறது

"மறதிக்கும் ஒரு அளவு வேண்டாமா மேவிஸ்? போன வாரம் கண்ணாடி, இன்னிக்குக் குடை! ஒருநாள் என்னையும் எங்கேயாவது விட்டுட்டு வந்துடப்போறே!"

உணவகத்திலிருந்து கிளம்பியது முதல் ஆர்வில் மனைவியை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். மேவிஸ் சோளக்கொல்லையை வேடிக்கை பார்த்தாள்.

பின்னால் போலீஸ் கார் விளக்கடித்தது.

"நாற்பதுலதானே போறேன்! இவனுங்களுக்கு வேற வேலையே இல்லை" என்று காரை ஓரங்கட்டினார்.

ஆர்வில் இதிலெல்லாம் கரை கண்டவர். மிச்சிகனில் துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக உரிமம் வேண்டுமே, அதற்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுப்பவரே அவர்தான். போலீஸ் நிறுத்தினால் கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். துப்பாக்கி இருப்பதை முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும். செத்தாலும் இடுப்புப் பக்கம் கை போகக் கூடாது.

வந்த போலீஸ்காரன் டிராவிஸ், அவரிடமே படித்தவன். கையில் டோனட் டப்பா.

'டியூட்டியிலயும் தீனியா!' என்று மனசுக்குள் திட்டிவிட்டு, ஆர்வில் பாடம் ஒப்பித்தார். "உரிமம் இருக்கு. துப்பாக்கி வலது இடுப்புல இருக்கு."

"நிச்சயமா இருக்கா சார்?"

"என்னய்யா கேள்வி இது? இதோ..."

"கையை எடுக்காதீங்க சார்! நீங்க சொல்லிக்கொடுத்ததுதான். சும்மா யோசிச்சு மட்டும் பாருங்க."

ஆர்வில் யோசித்தார். உணவகத்தில் ஆண் பெண் எல்லாருக்கும் இருந்த ஒரே கழிவறையில், உட்காரும்போது இடிக்கிறதே என்று துப்பாக்கியைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்தது ஞாபகம் வந்தது. திரும்ப எடுத்தது ஞாபகம் வரவில்லை.

வெளியே தெரிந்தால் வகுப்பும் போச்சு, மானமும் போச்சு. அதைவிட, பக்கத்தில் மேவிஸ்!

டிராவிஸ் டப்பாவை அவர் மடியில் வைத்தான். டோனட்டுக்கு இவ்வளவு கனம் கிடையாது.

"சாப்பிட்ட இடத்துல விட்டுட்டு வந்துட்டீங்க சார். வீட்டுல போய்த் திறங்க, சர்க்கரை கொட்டிடும்."

"ரொம்ப... ரொம்ப நன்றி தம்பி."

கார் நகர்ந்தது. "பாரேன், டோனட்டை நானும் மறந்துட்டேன்" என்று அசடு வழிந்தார்.

"நல்ல பையன்" என்றாள் மேவிஸ். "போன மாசம் அதே கழிவறையில அவன் தன் துப்பாக்கியை விட்டுட்டுப் போனப்போ, நானும் டோனட் டப்பாவுல வெச்சுத்தான் கொடுத்தேன்."