அப்பாவின் முகம்

பிள்ளைக்கு ஜீவனாம்சம் கட்டாத தகப்பனின் முகத்தைக் கண்டால் எந்தப் பேருந்தின் கதவும் திறக்காது. அந்தச் சட்டத்தை நம்பித்தான் தமயந்தி புகார் கொடுத்திருந்தாள். விட்டுப் போன கணவன் மூன்று வருடமாகச் சல்லிக்காசு அனுப்பவில்லை.

இன்று காலை, கல்லூரிக்குக் கிளம்பிய மகள் இலக்கியாவைப் பேருந்து ஏற்றவில்லை.

"பாக்கி வைத்த தகப்பனுக்கு இடமில்லை" என்றது கதவு.

அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்று ஊரே சொன்ன முகம் அவளுக்கு.

மகளை இழுத்துக்கொண்டு, புகார் கொடுத்த அலுவலகத்துக்கு ஓடினாள் தமயந்தி. "தப்புப் பண்ணது அவரு சார். அவரைப் பிடிங்க."

அதிகாரி திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"அவரு போன மாசமே ஆபரேஷன் பண்ணி முகத்தை மாத்திக்கிட்டாரும்மா. அந்தப் பழைய முகம் இப்ப உங்க பொண்ணுகிட்ட மட்டுந்தான் இருக்கு."