குனிந்து நுழையும் கதவு

மாடத்தான் என்ற கிழட்டுப் பூனை, சமையலறை ஜன்னல் வழியாக வாலை உயர்த்திக்கொண்டு பத்து வருஷம் அந்த வீட்டுக்குப் போய்வந்தது. ஒருநாள் வீட்டுக்காரி ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாள். பின்கதவின் அடியில் ஓட்டை போட்டு, தள்ளினால் திறக்கும் சின்னக் கதவு ஒன்றை மாட்டினாள். உள்ளே உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டை ஆட்டிக் கூப்பிட்டாள். செவலை என்ற இளம்பூனை முதல் நாளே தலையால் முட்டி நுழைந்துவிட்டது.

“அண்ணே, நமக்குன்னு தனிக் கதவு! எவ்வளவு நல்லவங்க!”

மாடத்தானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஜன்னலைப் பிடுங்கினது யாரு புள்ளே? ஓட்டை போட்டுக் குடுத்ததுக்குக் கும்பிடு போடுறியே! கடையில ஆறு கதவைப் புரட்டிப் பாத்து, தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதாப் பொறுக்கியிருக்கா.”

“இருந்துட்டுப் போகட்டும். ஒரு கருவாடு கடிங்கண்ணே.”

மாடத்தான் மூன்று நாள் பட்டினி கிடந்தது, குனியவில்லை. நான்காம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. சாரல் அடிக்கிறதென்று வீட்டுக்காரி சின்னக் கதவைத் தாழிட்டுவிட்டாள். செவலை முட்டி முட்டி நெற்றி வீங்கி நின்றது.

“என் பின்னால வா!” என்று மாடத்தான் அதைத் தெருப்பக்கம் அழைத்துப் போனது. வாசற்கதவில் நகத்தைப் பதித்து, அண்டை அயலெல்லாம் எட்டிப் பார்க்கும்படி கத்தியது. மானம் போகிறதே என்று வீட்டுக்காரி கதவை விரியத் திறந்தாள்.

“நுழை புள்ளே!”

செவலை நனைந்து நடுங்கியபடி படிக்குக் கீழேயே நின்றது.

“ஐயோ, வேண்டாம்ணே. அது அவங்க வாசல்.”