படர்தாமரை வந்த வழி

"வாலில்லாத எலியை மடியில வச்சுக் கொஞ்சுத வீட்ல, சீக்கு வராம சீதேவியா வருவா?"

முற்றத்தின் நடுவில் நின்று புஷ்பம் போட்ட சத்தத்தில், மாடிக் குடித்தனக்காரர்கள் கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றுவிட்டார்கள். வீட்டுக்கார அம்மாள் கத்துகிறாள் என்றால் சும்மாவா? மகள் மீனாட்சியைத் திருப்பி நிறுத்தி, பின்கழுத்தில் வட்டமாய்ச் சிவந்திருந்த படர்தாமரையை அத்தனை பேருக்கும் காட்டினாள் புஷ்பம்.

எதிரே பின்கட்டு வாசலில், கினி பிக் கூண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள் குடித்தனக்காரி ஜமீலுன்னிசாவின் மகள் சகினா. அவள் கழுத்திலும் அதே வட்டம். மூர் மார்க்கெட்டில் வாங்கிய அந்த இரண்டு கினி பிக்குகளில் ஒன்றுக்கு முதுகில் காலணா அகலம் ரோமம் கொட்டியிருந்தது. இதற்கு மேல் சாட்சி எதற்கு?

"டாக்டரே சொல்லிட்டாரு, இது பிராணிகிட்ட இருந்து வருத சீக்காம்!"

டாக்டர் சொன்னது என்னவோ வேறு. "பிராணிகிட்டேருந்தும் வரலாம், அடுத்தவங்க சீப்பு, துண்டு, துணியிலேருந்தும் வரலாம். ஆனா இது மூணு மாசத்துப் படையாட்டம் இருக்கேம்மா, இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்றுதான் கேட்டார். வேர்க்குரு என்று நினைத்து மூன்று மாதமும் பவுடர் கொட்டியதைச் சொல்லப் புஷ்பத்துக்கு வாய் வரவில்லை. தனக்கு வேண்டிய வார்த்தையை மட்டும் பொறுக்கிக்கொண்டு ரிக்‌ஷா ஏறிவிட்டாள்.

புஷ்பத்தின் புருஷன், பாண்டி பஜார் ஜவுளிக்கடைச் சிதம்பரநாதன் வீட்டில் படர்தாமரையா? நாலு பேர் கேட்டால் சிரிக்க மாட்டார்களா? மீனாட்சியோ, கல்யாணத்துக்குக் கல்யாணம் புதுக் கவுனில் வந்து இறங்குகிற பெண். ஒருமுறை போட்டதை அவள் மறுமுறை போட்டு அந்தத் தெருவில் பார்த்தவர் கிடையாது. குடித்தனக்காரிகள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள், புஷ்பமும் காதில் விழாதவள் போல் நின்று முழுவதையும் கேட்டுக்கொள்வாள்.

"சகினாவுக்கே ரம்ஜான் கழிச்சுதான் வந்துச்சுக்கா," என்றாள் ஜமீலுன்னிசா மெல்ல. "கினி பிக்குக்கு அதுக்கும் அப்பால. பத்து நாள்தான் ஆவுது. ஆடி மாசத்துலேருந்து இங்கதான் கீது, அதுவரைக்கும் அதுக்கு ஒண்ணுமே இல்லக்கா."

"எலிக்கு வக்காலத்து வேறயா? சுத்தபத்தமா இருக்குத வீட்ல இதெல்லாம் ஏன் வருது?"

"எனக்கு அப்பவே தெரியும்," என்று மாடியிலிருந்து ஒத்து ஊதினாள் சீதா. "அந்தக் கூண்டைப் பார்த்தாலே நேக்கு உடம்பெல்லாம் கூசும்."

அது போதுமாயிருந்தது புஷ்பத்துக்கு. மதிய வேளையில் மகள் தொந்தரவு இல்லாமல் தூங்க, "போய்க் கினி பிக் கூட விளையாடு" என்று அனுப்பி வைத்தவளே அவள்தான் என்பதெல்லாம் இப்போது எங்கே ஞாபகம் வரப்போகிறது?

"இந்த மாசக் கடைசியில நீயும் உன் எலியும் வீட்டைக் காலி பண்ணிரணும். அம்புட்டுத்தான்."

ஜமீலுன்னிசாவின் முகம் வெளுத்துப்போனது. சிந்தாதிரிப்பேட்டையில் பைண்டிங் வேலை பார்க்கும் அவள் புருஷன் வலியுல்லா, இந்த வீடு கிடைப்பதற்குள் ஒரு வருஷம் அலைந்திருந்தான். பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்தியவர்கள் எத்தனையோ பேர். மறுபடி அந்தப் படிகளையெல்லாம் ஏற வேண்டுமே என்று நினைத்தபோதே அவளுக்குக் கண் கலங்கியது.

"கூண்டை இன்னிக்கே மார்க்கெட்ல திருப்பிக் குடுத்துடறேங்க்கா. மருந்து தடவறேன். துணியெல்லாம் வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வெச்சிடறேன். வூட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லாதீங்க."

சகினா கூண்டை இறுக்கிக்கொண்டு விம்மத் தொடங்கினாள். புஷ்பம் உதட்டைச் சுழித்தாள்.

"கொதிக்க வையேன்! பட்டும் பீதாம்பரமுமா கெட்டுப்போவப் போவுது? எல்லாம் கந்தல்தான!"

"ஒண்ணே ஒண்ணு நல்லது கீதுக்கா." ஜமீலுன்னிசா உள்ளே போய், ரோஜா நிற நைலான் கவுன் ஒன்றைப் பதவிசாக எடுத்து வந்து விரித்தாள். "ரம்ஜானுக்கு எடுத்தது. வூட்டுக்காரங்க கடையாச்சேன்னு உங்க கடையிலதான் எடுத்தோம். கொதிக்க வெச்சா சாயம் போயிடுமா? நீங்கதான் சொல்லணும்."

கடை என்றதும் புஷ்பத்தின் தலை நிமிர்ந்துகொண்டது. மாடிக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை ஏற்றினாள்.

"எங்க கடைத் துணியா? நாள் முழுக்கக் கொதிச்சாலும் சாயம் போவாது. பம்பாயிலருந்து பெட்டியோட வந்து இறங்குத சரக்கு. வாங்குதவங்க பிரிக்குத வரைக்கும் வேற ஒரு கை பட்டிருக்காது, தெரிஞ்சுக்கோ!"

"ஆமாக்கா. காலர்ல ஒரு பூ மட்டும் வாங்கறப்பவே பிஞ்சிருந்துச்சு."

"பாத்து வாங்கத் துப்பில்ல, கடையைக் குத்தம் சொல்லுதியாக்கும்?"

அதுவரை கழுத்தைச் சொறிந்தபடி நின்ற மீனாட்சி, அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். கவுனின் காலரைத் தடவிப் பார்த்தவளின் முகம் மலர்ந்தது.

"அம்மா, ஆவணியில மாமா கல்யாணத்துக்கு நான் போட்டுட்டுக் கடைக்குத் திருப்பிக் குடுத்தோமே, அந்தக் கவுன்! அன்னைக்கு அரிப்புத் தாங்காமச் சொறிஞ்சப்ப நான்தான் இந்தப் பூவைப் பிச்சேன்!"