காசு பொறுக்கும் வாள்வீரன்

"வாள்வீரன்ரை வேலை வெட்டுறது, அம்மா. காசு பொறுக்கிறது கள்ளன்ரை வேலை. நீங்கள் என்ன, தோட்டத்திலை வெங்காயம் பொறுக்கிற மாதிரிக் குனிஞ்சுகொண்டு திரியிறியள்?"

சாருஜா சிரித்தாள். சிவகௌரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு போன் திரையிலேயே கண்ணாயிருந்தாள். அதில் ஓடிய விளையாட்டில் கவசம் அணிந்த வாள்வீரன் ஒருவன் காட்டுப் பாதையில் கிடந்த பொற்காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே 'நிருஷன்' என்று எழுதியிருந்தது.

"கள்ளன் எண்டால் ஒரு பெட்டியை உடைச்சு ஒரு கிழமைக்குக் காணுற காசை எடுத்துப்போடுவான். இவனுக்கு வாள் தீட்டவும் கவசம் திருத்தவுமே உழைக்கிறதெல்லாம் போகுது. பொறுக்கினால்தானே மிஞ்சும், பிள்ளை?"

"அப்ப கள்ளனை எடுத்திருக்கலாமே?"

"கொண்ணை எடுத்தது வாள்வீரனை."

அண்ணனின் பேச்சு வந்ததும் சாருஜா சிரிப்பை நிறுத்தினாள்.

நிருஷன் இறந்து, வருகிற வெள்ளியோடு ஒரு வருடம். புத்தூர்ச் சந்தியில் லொறி மோதிய அன்று, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தான். செத்த வீட்டுக்கு வந்த சனம் கலைந்த பிறகு அந்தப் போன் ஒளிர்ந்தது. 'மச்சான், எங்கை நிக்கிறாய்?' என்று ஆங்கில எழுத்தில் தமிழ்.

எழுதியவன் குருநகர் சுரேஸ். நேரில் கண்டதில்லை, விளையாட்டுக்குள் மட்டும் மூன்று வருடச் சிநேகிதம். விளையாட்டில் அவன் வைத்தியன். நிருஷனுக்குப் பின்னால் நின்று காயம் ஆற்றுகிறவன். அவனுக்கு உண்மையை எழுதச் சிவகௌரிக்குக் கை வரவில்லை. 'வாறன்' என்று மட்டும் எழுதினாள். உலகத்தில் ஒரு ஆளாவது தன் பிள்ளையை இருக்கிறவனாக நினைத்துக் கூப்பிடட்டும் என்றிருந்தது. பிறகு மகளிடம் கேட்டுக் கேட்டு விளையாடப் பழகினாள்.

"அந்தப் பெடியனை இன்னும் எத்தினை நாளைக்கு ஏமாத்தப் போறியள்?" என்றாள் சாருஜா.

"அவன் சந்தேகப்படேல்லையே."

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. நீங்கள் தமிழ் எழுத்திலை அடிக்கத் தொடங்கேக்கை, 'என்னடா, தமிழ் வாத்தியார் ஆகிட்டியோ' எண்டு பகிடி பண்ணினவன். இடையிலை ஒரு மாசம் ஆளைக் காணேல்லை. வந்ததிலையிருந்து அவனும் தமிழ் எழுத்து!"

"என்னைப் பாத்துப் பழகியிருப்பான்."

போன் சிணுங்கியது. 'நிருஷன், பூசை முடிஞ்சு, சவக்காலையிலை கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு இப்பதான் வந்தனான். சாப்பிட்டியோ?'

"ஒவ்வொரு ஞாயிறும் சவக்காலைக்குப் போறான். தேப்பன் இல்லாத பிள்ளைபோலை கிடக்கு" என்று பெருமூச்சு விட்டாள் சிவகௌரி. 'சாப்பிட்டன் தம்பி' என்று அடித்தாள். பிறகு 'தம்பி'யை அழித்துவிட்டு 'மச்சான்' போட்டாள்.

இன்று இருவரும் டிராகனின் குகைக்குள் போவதாகப் பேச்சு. நிருஷனும் சுரேசும் மூன்று வருடமாக ஆசைப்பட்ட இடம். அதற்குள் செத்தால் ஆள் அடியோடு அழிந்துவிடுவான்; எந்த வைத்தியனாலும் எழுப்ப முடியாது. அந்தப் பயத்தில்தான் சிவகௌரி இத்தனை நாளும் காசு பொறுக்கிக் காலம் கடத்தினாள். ஆனால் வெள்ளிக்கிழமை நிருஷனின் வருடம் முடிகிற ஆட்டைத் திவசம். பிள்ளை முடிக்காமல் போனதை அதற்கு முதல் முடித்துவிட வேண்டும்.

"சண்டையிலை எழுத்து அடிச்சுக்கொண்டு நிக்க ஏலாது, அம்மா. மைக்கைப் போடச் சொல்லப் போறான்."

"மைக் பழுதெண்டு சொல்லிப்போட்டன். தன்ரையும் பழுதாம்."

குகைக்குள் நெருப்புப் பறந்தது. நிருஷன் முன்னால் நின்று வெட்டினான். சுரேஸ் பின்னால் நின்று மருந்து ஊற்றினான். சின்னக் கீறலுக்கும் ஊற்றினான்.

"விசர் வைத்தியன்!" சாருஜா கத்தினாள். "வைத்தியன் எண்டால் முதல் தன்ரை உயிரைப் பாக்கவேணும். உவன் எல்லாத்தையும் அண்ணைக்கே ஊத்துறான்!"

டிராகன் சுரேசின் பக்கம் திரும்பியது. அவனுடைய உயிர்க்கோடு சிவந்து ஒரு நூலளவாகியிருந்தது.

"அம்மா, இதுதான் நேரம்! இன்னும் நாலு வெட்டுத்தான், வெட்டுங்கோ!"

சிவகௌரி வெட்டவில்லை. வாள்வீரன் ஓடிப்போய்ச் சுரேசுக்கு முன்னால் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன செய்யிறியள்?"

"ஆரோ பெத்த பிள்ளையை எரியவிட்டிட்டு நான் வெட்டிக்கொண்டு நிக்கிறதோ?"

நெருப்பு நிருஷனின் மேல் விழுந்தது. அவனுடைய கோடும் சிவந்தது. சுரேசிடம் கடைசியாக ஒரே ஒரு மருந்துக் குப்பி இருந்தது. அதைத் தான் குடித்துவிட்டு வெளியே ஓடியிருக்கலாம். அதையும் நிருஷனின் மேல் ஊற்றினான்.

டிராகன் மறுபடி மூச்சை இழுத்தது. 'ஓடு' என்று அடிக்கச் சிவகௌரிக்கு நேரமில்லை. இனிக் கத்தத்தான் வேண்டும். கத்தினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். நாளைக்கு 'நிருஷன், சாப்பிட்டியோ' என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

விரல் மைக்கின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தினாள்.

அவள் வாய் திறக்கும் முன்னரே, மறுபக்கத்திலிருந்து ஒரு வயதான பெண்ணின் குரல் கதறியது.

"ஓடு ராசா, ஓடு! என்ரை சுரேஸ் செத்து எட்டு மாசம். நீயெண்டாலும் தப்பிப்போ, நிருஷன்!"