குலுக்காமல்

திங்கட்கிழமை அந்த டீசல் எஞ்சின் பாசஞ்சரை இழுத்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் மகளை முதல் பெட்டியில் படுக்கவைத்துவிட்டு வந்துதான் டிரைவர் ஞானதுரை வண்டியை எடுத்தார். “குலுக்காம ஓட்டுப்பா, வலிக்குது” என்றிருந்தாள். வழி நெடுக, தம்ளர் தண்ணீர் தளும்பாத அளவுக்கு மெதுவாக எடுத்து, மெதுவாக நிறுத்திப் போனார்.

வியாழக்கிழமை அதே எஞ்சினில் சிமெண்ட் வேகன்களைக் கோர்த்திருந்தார்கள். சரக்குக்கு யாரும் அப்படிப் பார்த்துப் பார்த்து பிரேக் பிடிப்பதில்லை. வேகன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அன்று ஞானதுரை ஒவ்வொரு சிக்னலுக்கும் அரை மைல் முன்பே வேகத்தைக் குறைத்து, சத்தமே இல்லாமல் நிறுத்தினார். பாதி வழியில் கடைசிப் பெட்டியில் ஏறிய கார்டு தங்கப்பழத்துக்குப் பொறுமை போய்விட்டது. வாக்கிடாக்கியில் கத்தினார்.

“என்னண்ணே, சிமெண்ட் மூடைக்கு இம்புட்டுப் பதனமா? ஒரு மணி நேரம் லேட்டு!”

“முதல் வேகன்ல சவப்பெட்டி ஒண்ணு இருக்குடே. என் மவ.”

 அடுத்த சிக்னல் தெரிந்தபோது வாக்கிடாக்கியில் கார்டின் குரல் வந்தது.

“அண்ணே, இனிமே தண்டவாளம் கொஞ்சம் மோசம். மெதுவாவே போங்க.”