ரோஸ் சுவர்

"எவளைக் கேட்டு இந்தச் செவுத்துல கைய வச்சே?"

மூன்று நாளாகத் திருப்பாலைவனத்தில் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கிய குப்பம்மா, பையைக்கூடக் கீழே வைக்காமல் மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

ஐஸ்வர்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணமாகி இரண்டு மாதம். தலைதீபாவளிக்கு அழைக்க அனுப்பம்பட்டிலிருந்து அப்பாவும் அம்மாவும் அன்று சாயங்காலம் வருகிறார்கள். வீடு பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா?

பழைய புடவைகளை வெட்டி ஜன்னலுக்குத் திரை தைத்தாள். கிழிந்த ஜீன்ஸில் தலையணை உறை. மிச்சம் இருந்தது, கடலைப் பார்த்த பின்பக்கச் சுவர். கண்ணைக் குத்தும் மிட்டாய் ரோஸ்! அதே தெருப் பெயிண்டர் ஒருவர் கொடுத்த மிச்ச வெள்ளையை அதன்மேல் அடித்து, கிழிந்த வலை ஒன்றை விரித்து, நீலத்தை ஒற்றி எடுத்தாள். சுவர் முழுக்க மீன் செதில். கைக்காசு ஒரு ரூபாய் செலவில்லை.

"நல்லாத்தானே அத்தே கீது? எங்க நைனா பாத்தா சந்தோஷப்படுவாருன்னு..."

"உங்க நைனா இன்னா கடல்லேர்ந்தா வராரு?"

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஜமுனா வேலியோரம் வந்துவிட்டாள்.

"ஏங்க்கா, ஆசையா பண்ணிகீது பொண்ணு, அத்தப் போயி திட்றியே? தெருப் பக்கம் காரை உதிருது, அதுக்கு ஒரு கை சுண்ணாம்பு இல்ல. ஆளே பாக்காத பின்செவுத்துக்கு மட்டும் வருஷா வருஷம் ரோஸ் பெயிண்டு! லோகநாதன் அண்ணன் வூட்டப் பாரு, எப்டி வச்சிகீறாரு..."

"தூ!" குப்பம்மா மண்ணில் துப்பினாள். "அந்தப் பேரை எங்கிட்ட சொல்லாதே."

லோகநாதன் என்றால் அவளுக்கு அப்படித்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் ஓட்டி வந்த படகு மழையில் தடம் தவறி, முகத்துவாரத்து மணல்மேட்டில் ஏறிக் கவிழ்ந்தது. அவன் நீந்திக் கரையேறிவிட்டான். கூடப் போன குப்பம்மாவின் புருஷன் வரவில்லை. அதன் பிறகு மகன் ஜெகதீஸ்வரனை அவள் கடல் பக்கமே விடவில்லை. பொன்னேரியில் ஒரு கம்பெனி வேலையில் சேர்த்துவிட்டாள்.

ஜமுனா போய்விட்டாள். குப்பம்மாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போனாள். வெளியே வந்தாள். உலையில் அரிசியைப் போடாமலே மறுபடியும் வெளியே. கிழக்கே ஐப்பசி வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"செத்த உக்காருங்களேன் அத்தே."

"ரோஸ் பெயிண்டு கொஞ்சம் மிச்சம் வச்சிருந்தேனே, எங்க?"

"காஞ்சி போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மழை பிடித்துக்கொண்டது. கரையோரத் தென்னைகள் மங்கலாகத்தான் தெரிந்தன.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜமுனா கத்தினாள். "எல்லாப் படகும் வந்துடுச்சாம்க்கா! ஒண்ண மட்டும் காணமாம்!"

குப்பம்மா உள்ளே ஓடினாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் பட்டுப்புடவையை உருவினாள். அதுவும் அதே மிட்டாய் ரோஸ்.

போன வாரம்தான் ஐஸ்வர்யா அதற்காகக் கெஞ்சியிருந்தாள். 'சும்மாத்தானே கீது அத்தே, தலைதீபாவளிக்கு அதுலயே நீள கவுன் தச்சிக்கறேன், புதுசு வாங்க வேணாம்.' தொடக்கூட விடவில்லை மாமியார். இப்படியொரு கருமியா என்று அன்று ராத்திரி புருஷனிடம் அழுது தீர்த்தாள்.

இப்போது அந்தப் பட்டுப்புடவையைச் சுவரில் வைத்து, ஜரிகை மேலேயே ஆணி அடித்துக்கொண்டிருந்தாள் குப்பம்மா. கொட்டுகிற மழையில்!

"எனக்குத் தர மனசு வரல, இப்படி நாசம் பண்றீங்களே!" ஐஸ்வர்யாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பறம் அழுவு. அந்த முனைய இஸ்துப் புடி! மழைல கடல்லேர்ந்து பாத்தா இந்த ரோஸ் ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். இதுக்கு நேரா வந்தாத்தான் முகத்துவாரம். கொஞ்சம் வடக்கே தள்ளினா மணல்மேடு. உன் மாமனாரு செத்த வருஷத்துலேர்ந்து நான் அடிக்கிற கலர்மா இது."

இரண்டு நாளாக ஆசை ஆசையாகத் தான் அழித்தது எதை என்று அப்போதுதான் ஐஸ்வர்யாவுக்கு உறைத்தது. காற்று பிடுங்கிய முந்தானையை ஓடிப் பிடித்து, மாமியார் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கடைசி ஆணியை அவளே அடித்தாள்.

"ஆனா அத்தே, நம்ம வூட்லதான் படகே இல்லியே?"

குப்பம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து மழைக்குள் ஒரு புள்ளி. அது வடக்கே போனது. நின்றது. திரும்பவும் கொஞ்சம் வடக்கே. ஐஸ்வர்யா மாமியாரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு படகு மெல்ல மூக்கைத் திருப்பி, ரோஸ் பட்டுக்கு நேராக வந்து, முகத்துவாரத்துக்குள் நுழைந்தது.

ஜமுனா சந்தோஷத்தில் கூவினாள். "லோகநாதன் அண்ணன் படகு! நாலு பேரும் கீறாங்க!"

ஐஸ்வர்யா திகைத்துப்போய் மாமியாரைப் பார்த்தாள்.

"அத்தே... அவரு பேரைக் கேட்டாலே துப்புவீங்களே?"

குப்பம்மா முகத்து மழையைத் துடைத்துக்கொண்டாள்.

"துப்புவேன். அதுக்கு அவன் மொதல்ல கரைக்கு வர வேணாமா?"