பச்சைப் புள்ளி

"கோயில்பிள்ளை வேலையிலருந்து சின்னச்சாமியை நிறுத்திரலாம். கம்ப்யூட்டரே சொல்லிருச்சு" என்றார் சபைச் செயலாளர் கிறிஸ்துராஜ்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியிருந்தது. ஏழு பேர். சுவரில் பெரிய திரை. அதில் கலர் கலராகப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன.

கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஆலன் விளக்கினான்.

"ஒவ்வொரு புள்ளியும் நம்ம சபையில ஒரு ஆள் அங்கிள். மணி அடிக்கிறது, பாய் விரிக்கிறது, அசன விருந்துல பரிமாறுறது, அம்புட்டு வேலையையும் உள்ள குடுத்திருக்கேன். ஒரு புள்ளியை எடுத்துட்டா, மத்ததெல்லாம் தானா இடம் மாறி அந்த வேலையைப் பார்க்குதான்னு பாக்கலாம்."

"அந்தப் பச்சை?" என்று ஒருவர் கேட்டார்.

"சின்னச்சாமி ஐயா."

"எடுத்துக் காட்டு தம்பி" என்றார் கிறிஸ்துராஜ்.

பச்சை மறைந்தது. மற்ற புள்ளிகள் ஒரு நிமிஷம் தடுமாறின. பிறகு ஒரு சிவப்பு மணியடிக்க ஓடியது. இரண்டு நீலம் பாயைச் சுருட்டின. பந்தி நிற்கவே இல்லை.

"அந்தச் சிவப்பு யாரு?"

"நீங்கதான் அங்கிள்."

கிறிஸ்துராஜ் திரையில் ஓடும் தன்னைப் பெருமையாகப் பார்த்தார். "என்னா வேகம் பாருங்க!"

"அண்ணே, பந்தியில நீங்க வாளி தூக்கி நான் பார்த்ததே இல்லையே?" என்றார் விக்டோரியா டீச்சர்.

"இது விஞ்ஞானம் டீச்சர்."

"சரிண்ணே. கோயிலுக்குப் பின்னால அவர் குடியிருக்கிற ரூமையும் விட்டுட்டா, இந்த வயசுல அவர் எங்க போவாரு?"

"பரவையில மக இருக்குல்ல?"

"அங்க ஒத்த ரூமுக்குள்ள ஆறு பேரு."

"ஜெபிப்போம்" என்றார் ஜெரால்ட், செல்போனிலிருந்து தலையை எடுக்காமல்.

டீச்சர் ஆலனிடம் திரும்பினார். "புள்ளிகளுக்கு நீ என்னப்பா சொல்லிக் குடுத்திருக்க?"

"ஒரு வேலை ஆளில்லாம நின்னா, பக்கத்துல சும்மா இருக்கிறவங்க போய்ப் பாக்கணும்னு ஆன்ட்டி."

"யாருமே போகலைன்னா?"

"அப்படி ஒண்ணு நான் எழுதலையே. சபையாச்சேன்னு..."

ஓட்டெடுப்பு. ஆறு கைகள் உயர்ந்தன. டீச்சரின் கை மடியிலேயே இருந்தது.

கையோடு தயாராகக் கொண்டுவந்திருந்த வேலைநீக்கக் கடிதத்தில் கிறிஸ்துராஜ் கையெழுத்துப் போட்டுக் கவரில் வைத்து ஒட்டினார்.

"இதை யாராவது அவர் கையில குடுத்து, மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணணும்னு பக்குவமாச் சொல்லிரணும்."

ஒருவரும் அசையவில்லை.

"ஜெரால்டு, நீங்கதான வாசப் பக்கமா உக்காந்திருக்கீங்க?"

"முழங்கால் வலிண்ணே. நீங்களே குடுத்துருங்களேன்."

"செயலாளரே போய்க் குடுத்தா நல்லாவா இருக்கும்? ஆலன்?"

"நான் கமிட்டியில இல்ல அங்கிள்."

ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் கூரையில் பல்லி தேடினார். கவர் மேசைமேல் கிடந்தது.

கிறிஸ்துராஜுக்குப் பொறுமை போய்விட்டது. இருபது வருஷப் பழக்கம், வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சின்னச்சாமி! இந்தக் கவரை உடனே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஓடிவந்த சின்னச்சாமி, கவரை இரண்டு கையாலும் பணிவாக வாங்கிக்கொண்டு கேட்டார்:

"யாருகிட்டங்கய்யா குடுக்கணும்?"